மீசை எனக்கு, கூழ் உனக்கு

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இந்த நாட்டின் அறிவியல் வருங்காலத்தைத் தீர்மானிக்கும் முடிவு ஒன்று நேற்று எடுக்கப்பட்டது. கலைச்சொல் குழுக் கூட்டங்களில் இனி காப்பி கிடையாது, தேநீர் மட்டுமே. விவாதம் காலையில் தொடங்கி மதியம்வரை போயிற்று. தாவரவியல்காரர் காப்பிக்காக உருக்கமாகப் பேசினார். புலவர், இரண்டு பானமும் நம்முடையதல்ல என்று நடுநிலை வகித்தார், இரண்டையும் குடித்தார்.

கடைசியில் வாக்கெடுப்பு. ஆலையில் வேலை என்று நீ வரவில்லை. உன் வாக்கை என்னிடம் ஒப்படைத்து, "டீக்குப் போடு அக்கா, காப்பி எனக்கு நெஞ்செரிச்சல்" என்று சொல்லியிருந்தாய். என் வாக்கைக் காப்பிக்கும் உன் வாக்கைத் தேநீருக்கும் போட்டேன். தேநீர் ஒரே ஒரு வாக்கில் வென்றது. அதாவது என் காப்பியை என் கையாலேயே கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். தலைவர் என் பக்கம் சாய்ந்து, "ஏம்மா, அவர்தான் இங்க இல்லையே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். "எனக்குத் தெரியுமே சார்" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில் இன்னொரு சில்லறைத் தீர்மானமும் நிறைவேறியது. எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து ஒரே அகராதி. அதில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். ஒரே சொல்லை இரண்டு துறைகள் கேட்டால், ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். அகராதிக்கு ஒத்துவராத பாடநூல் அச்சேறாது. இதற்கு விவாதமே இல்லை. எல்லோருக்கும் பசி.

வீட்டுக்கு வந்து பட்டியலைப் பிரித்தால், உன் துறைக்கும் என் துறைக்கும் நேராக ஒரே சொல் உட்கார்ந்திருக்கிறது: வெண்கூழ்.

நீ காகிதக் கூழை வெளுக்கிறவன், உனக்கு அது தொட்டி தொட்டியாக ஓடும். எனக்கு அது மண்ணீரலுக்குள் கொஞ்சூண்டு இருக்கிறது. மண்ணீரலை அறுத்துப் பார்த்தால் சிவந்த சதைக்குள் கசகசா தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். சிவப்பு, செங்கூழ்: கிழடு தட்டிய இரத்த அணுக்களை வடிகட்டி அழிக்கும். வெள்ளை, வெண்கூழ்: இரத்தத்தோடு வருகிறவர்களில் யார் வெளியாள் என்று அடையாளம் கண்டு படை திரட்டும். எட்டு வருடமாக நான் எழுதிய உடற்கூறு நூலில் இந்த இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. பணி ஓய்வுக்கு முன்னால் பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது தவிர எனக்கு வேறு ஆசை இல்லை என்பது உனக்குத் தெரியும்.

உனக்கு அந்தச் சொல் வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடு. வேறு சொல் தேட எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நீ அனுப்பிய தாளில்தான் இதை எழுதுகிறேன். பேனா வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

உன் அன்பு அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

என் தேநீரைக் காப்பாற்றியதற்கு நன்றி. இந்தக் குடும்பத்தில் நேர்மை முழுவதையும் மூத்தபிள்ளை என்ற முறையில் நீயே எடுத்துக்கொண்டாய். எனக்கு மிஞ்சியது அப்பாவின் மூக்கு மட்டும்தான்.

ஒரு சொல்லுக்காகவா இவ்வளவு பெரிய கடிதம்? ஆலையில் எவனும் "வெண்கூழ்" என்று சொல்வதே இல்லை. மரத்தை வேகவைக்கும் கலனிலிருந்து இறங்கும்போது கூழ் சாக்குப்பை நிறத்தில் இருக்கும். நான்கு தொட்டி தாண்டி வந்தால்தான் வெளுக்கும். "வெளுத்துருச்சா?" என்று மேலிருந்து நான் கத்துவேன். "வெளுத்துருச்சு சார்" என்று கீழிருந்து குரல் வரும். அவ்வளவுதான் எங்கள் கலைச்சொல். அகராதியில் "வெளுத்த கூழ்" என்று போட்டால் எங்களுக்கு ஏகப்பட்டது.

ஒரு சந்தேகம் மட்டும். உன் கூழ், சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் நீலமாகத் தெரியும் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அசல் வெள்ளை என்னுடையதுதான். இருந்தாலும் பரவாயில்லை. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று இருக்கக்கூடாது. மீசை எனக்கு, கூழ் உனக்கு. இதை எழுத்திலேயே தருகிறேன், சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

உன் மருமகள் பள்ளி முடித்ததும் உங்கள் கல்லூரியில்தான் சேரப்போகிறாள். விடுதி வேண்டாம், அத்தை வீடுதான் என்று இப்போதே பெட்டி கட்டுகிறாள். நான் படித்தபோது நான்கு வருடம் எனக்குச் சோறு போட்டாய். இனி என் மகளுக்கும். உன் தலையெழுத்து.

இன்னொரு கட்டுத் தாள் அனுப்பியிருக்கிறேன். ஓரம் லேசாகப் பிசிறு, எழுதுவதற்குக் குறையில்லை.

உன் தம்பி


மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சட்டம் போடவில்லை, அச்சகத்துக்காரரிடம் காட்டினேன். அவர் அகராதி வரட்டும், அப்புறம் அச்சடிக்கலாம் என்று இழுத்துக்கொண்டிருந்தார். "என் தம்பி எழுதிக் கொடுத்திருக்கான், இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்டேன். மண்ணீரல் அத்தியாயம் உட்பட முதல் பாகம் முழுவதும் அச்சாகிவிட்டது. தைக்காத தாள்களில் ஒரு கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட இடமில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

இந்த மாதக் கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. கண்புரையை எடுக்கிறார்கள். கட்டு அவிழ்க்கும்வரை வெளியே போகக்கூடாதாம். என் வாக்கை உன்னிடம் ஒப்படைத்துச் செயலருக்கு எழுதிவிட்டேன். அன்றைக்குத்தான் வெண்கூழ் வருகிறது. வந்ததும், காகிதத் துறை விட்டுக்கொடுக்கிறது என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வாக்கெடுப்புகூடத் தேவைப்படாது.

கண்ணை மூடிக்கொண்டு உன்னை நம்புகிறேன். மருத்துவர் உத்தரவும் அதுதான்.

உன் அன்பு அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை வேளாவேளைக்கு விட்டுக்கொள். பாத்திரம் தேய்க்கக் குனியாதே. உன் தம்பி மனைவி இதைத் தனியாக ஒரு வரி எழுதச் சொன்னாள்.

கூட்டம் நல்லபடியாக முடிந்தது. நல்ல மழை. கூரை ஒழுகி, புலவர் நாற்காலியை மூன்றுமுறை மாற்றிப் போட்டார். தேநீர் பரவாயில்லை. பட்டியல் முழுவதும் முடிந்துவிட்டது. அங்கங்கே சில சொற்களில் சின்னச் சின்ன மாற்றங்கள். நேரில் வரும்போது விவரமாகச் சொல்கிறேன். இதையெல்லாம் போட்டு மனதை அலட்டிக்கொள்ளாதே. கண்ணுக்கு ஆகாது.

உன் தம்பி


ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

கட்டு அவிழ்த்த அன்று மாலையே தாவரவியல்காரர் தொலைபேசியில் வந்தார். "மேடம், உங்க பெருந்தன்மைய நெனச்சா கண்ணு கலங்குது" என்றார். கண்ணைப் பற்றித்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து, இப்போது தெளிவாகத் தெரிகிறது என்றேன்.

"இல்ல மேடம், பெத்த பிள்ளை மாதிரி வச்சிருந்த சொல்லை விட்டுக்கொடுத்தீங்களே. உங்க தம்பி எந்திரிச்சு, 'வெண்கூழ் காகிதத் துறைக்கே இருக்கட்டும், எங்க அக்கா வாக்கும் இதுக்குத்தான்'னு சொன்னாரு பாருங்க, மொத்தக் கூட்டமும் கை தட்டிச்சு. ஏகமனதா நிறைவேறிச்சு."

"நான் ஒண்ணும் பண்ணலையே சார்" என்றேன். அடக்கம் என்று அதையும் புகழ்ந்தார்.

மண்ணீரலுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். கற்றாழையின் உள்சதையைச் சோறு என்று சொல்கிறோம் அல்லவா, அந்த முறையில் அவர் "வெண்சோறு" என்றாராம். நீ வழிமொழிந்தாயாம். வெண்கூழ் போனபின் செங்கூழ் மட்டும் தனியாக நிற்பது அழகில்லை என்று புலவர் சொல்ல, அதுவும் "செஞ்சோறு" ஆயிற்றாம். இனி ஒரு மாணவி மண்ணீரலை அறுத்தால் உள்ளே சாப்பாடு தயாராக இருக்கும்.

தம்பி, உன் ஒரு வாக்கை நீ காகிதத்துக்குப் போட்டிருந்தால், தம்பி மாறிவிட்டான் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அப்புறம் மறந்திருப்பேன். என் வாக்கையும் அல்லவா எடுத்து எனக்கு எதிராகப் போட்டிருக்கிறாய். பிப்ரவரியில் உன் தேநீரை நான் என்ன செய்தேன் என்று உனக்கு எழுதினேன். படித்துச் சிரித்தாய்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் குடும்பம் நம்முடையது. அதில் வெளுக்கிற தொழிலுக்குப் போனவன் நீ ஒருவன்தான் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

ஏன் என்று மட்டும் எழுது.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டுமுறை படித்தேன். மூன்றாம் முறை படிக்கத் தைரியம் இல்லை.

முதலில், நீ அங்கே இல்லை. இருந்திருந்தால் நிலைமை புரிந்திருக்கும். மழை வேறு. எல்லோரும் கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது, வெண்சோறு அவ்வளவு மோசமான சொல் இல்லை. புலவர் முதலில் "வெள்ளைக் களி" என்றார். அதிலிருந்து உன்னைக் காப்பாற்றியதே நான்தான்.

சரி, விடு. உன்னிடம் பேச இதெல்லாம் போதாது என்று எனக்கே தெரிகிறது.

ஆலையில் புதுப் பிரிவு திறந்திருக்கிறார்கள். அதற்கு என்னைத் தலைவனாகப் போட்டிருக்கிறார்கள். வாசலில் எட்டடி நீளத்தில் பெயர்ப்பலகை: "வெண்கூழ்ப் பிரிவு". முதலாளியே வைத்த பெயர். கூட்டத்துக்கு முந்தின நாள் கூப்பிட்டு, "அந்தச் சொல் நமக்குத்தானே? அகராதி வந்தப்புறம் எவனாவது போர்டைப் பாத்துச் சிரிச்சா நல்லா இருக்காது" என்றார். நான் என்ன சொல்ல முடியும்? இருபத்தைந்து வருடமாக அந்த ஆலைச் சோற்றைத் தின்கிறேன். செஞ்சோற்றுக் கடன் என்று ஒன்று இருக்கிறது அல்லவா, அக்கா.

உன் வாக்கை ஏன் சேர்த்துப் போட்டேன் என்கிறாய். என் ஒரு வாக்கோடு நின்றிருந்தால் அக்காவும் தம்பியும் சண்டை என்று ஊர் சிரிக்கும். ஏகமனதாக என்றால் யாருக்கும் வருத்தம் இல்லை. அப்போது அப்படித்தான் தோன்றியது.

புத்தகத்தில் அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் மாற்றி அச்சடித்துவிடு. தாள் நான் தருகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும்.

உன் தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

உன் மகள் வந்து சேர்ந்தாள். நடுவில் வந்த உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள். ஈரத் துண்டைக் கண்ட இடத்தில் போடுகிறாள், உன்னைப்போல. நேற்று என் புத்தக அலமாரிக் கதவில் போட்டிருந்தாள். நான் கேட்டதற்கு, "வீட்டுல அப்பாவோட போர்டு மேலதான் அத்தை போடுவேன். பழக்கம்" என்றாள்.

"எந்த போர்டு?"

"அதான், வெண்கூழ்ப் பிரிவுன்னு பெருசா எழுதி இருக்குமே. ஜனவரியிலேர்ந்து எங்க வராந்தாவுலதான் சாத்தி வச்சிருந்தாங்க. என் துண்டு தினமும் அதுமேலதான் காயும்."

பிறகு, திறப்பு விழாவுக்காக நீ மீசையை எடுத்துவிட்டதையும் சொன்னாள். முதலாளிக்கு நரைத்த மீசை பிடிக்காதாம்.

ஆக, நீ பிப்ரவரியில் "மீசை எனக்கு, கூழ் உனக்கு" என்று எழுதியபோது, கூழ் எட்டடி நீளத்தில் உன் வராந்தாவில் சாய்ந்து நின்றிருக்கிறது. முதலாளி முந்தின நாள்தான் கூப்பிட்டார் என்ற கதையும் அதன்மேல் காயப்போட்ட துண்டுதான். அன்றைக்கே, "எனக்கு வேணும் அக்கா" என்று நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்கச் சொல்லித்தானே எழுதினேன்.

செஞ்சோற்றுக் கடன் என்றாய். என் வீட்டில் நான்கு வருடம் நீ தின்றது என்ன சோறு என்று யோசித்துப் பார்த்தேன். புதிய அகராதிப்படி, செஞ்சோறு மண்ணீரலில் மட்டும்தான் இருக்கிறது. கடன் எங்கே இருக்கிறது என்று அதில் போடவில்லை.

வெண்கூழின் வேலை வெளியாளை அடையாளம் காண்பது. உள்ளே இருக்கும் சொந்த ஆட்களைப் பற்றி அதற்குச் சந்தேகம் வராது. சந்தேகம் வந்தால் அதற்குப் பெயர் நோய். என் புத்தகத்தில் இது இருக்கிறது. எழுதியபோது மண்ணீரலைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாடநூல் குழு, சொல்லை மாற்றினால் ஏற்கிறோம் என்றது. வயிற்றைத் திறந்து சாப்பாடு காட்டும் புத்தகத்தில் என் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லி, திருப்பி வாங்கிக்கொண்டேன். அச்சான தாள்கள் மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. மண்ணீரலை இப்போது வேறொருவர் புதிய சொற்களில் குறிப்பு எழுதி வகுப்பில் கொடுக்கிறார். உன் மகள் அதைத் தொடுவதில்லை. "வீட்டுல புத்தகமே இருக்கும்போது நோட்ஸ் எதுக்கு அத்தை?" என்று மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து அந்தத் தாள்களைத்தான் படிக்கிறாள். கேட்க எனக்கு நன்றாக இருந்தது. அந்தப் புத்தகத்துக்கு வாய்த்த ஒரே வாசகி.

அக்கா


ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் எழுதாத கடிதங்களை நான் எண்ணவில்லை. இதற்காவது எழுது.

என் மகள் தொலைபேசியில் அழுதாள். உடற்கூறில் தவறிவிட்டாள், ஒரே ஒரு கேள்வியால். "வெண்சோற்றையும் செஞ்சோற்றையும் வேறுபடுத்துக" என்று கேட்டிருக்கிறார்கள். இவள், தவிடு போன வெள்ளை அரிசிச் சோறு, தவிடு போகாத சிவப்பரிசிச் சோறு என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள். எதில் நார்ச்சத்து அதிகம், எதைத் தின்றால் மலச்சிக்கல் வரும் என்பதுவரை. படம் வேறு: இரண்டு தட்டு, பாகங்கள் குறித்து. திருத்தியவர் பெரிய சுழியம் போட்டிருக்கிறார். "கூழ்னு கேட்டிருந்தா தூக்கத்துல எழுப்பினாலும் எழுதியிருப்பேன்பா" என்கிறாள். நீ ஒரு வார்த்தை அவளிடம் அந்தப் புதுச் சொல்லைச் சொல்லிவைத்திருக்கலாம். சரி, குறையாகச் சொல்லவில்லை.

பலகை விஷயம் உண்மைதான். பிப்ரவரியில் உன் கடிதம் வந்தபோது, இல்லை என்று உனக்கு எழுதக் கை வரவில்லை. முதலாளியிடம் மெல்லப் பேசி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் குழு எங்கே எதையும் முடிக்கப்போகிறது என்றும் நினைத்தேன். தேநீருக்கே அரை நாள் எடுத்துக்கொண்டவர்கள்தானே.

நீ துறைத் தலைவர். "இந்தச் சொல் மாணவர்களைக் குழப்புகிறது" என்று தேர்வுக் குழுவுக்கு நீ ஒரு வரி எழுதினால், அந்தக் கேள்வியை நீக்கிவிட்டு மதிப்பெண் போடுவார்களாம். விசாரித்துவிட்டேன். என்மேல் உள்ள கோபத்தை அவள்மேல் காட்ட மாட்டாய் என்று தெரியும். அவளுக்காகச் செய். அவள் அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

உன் தம்பி


பிப்ரவரி 3

தம்பிக்கு,

நீ கேட்பதற்கு முன்பே தேர்வுக் குழுவுக்கு எழுதிவிட்டேன். ஒரு வரி அல்ல, நான்கு பக்கம். சோறு என்ற சொல்லை ஒரு மாணவி சோறு என்று புரிந்துகொண்டது அவள் தவறாகாது என்று எழுதினேன். அந்தச் சொல்லை வீட்டில் அவளிடம் நான் சொல்லாதது என் தவறு என்றும் எழுதினேன். அது என் வாயில் வரவில்லை.

நேரிலும் போனேன். தேர்வுக் குழுவின் செயலர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லித் தேநீர் தரச் சொன்னார். மனுவை முழுவதும் படித்தார். பிறகு கலைச்சொல் குழுவுக்குத் தொலைபேசியில் பேசினார். வைத்துவிட்டு, "மேடம், வேற யாராவது இதை எழுதியிருந்தா பரிசீலிக்கலாம். இது உங்க வாக்கும் சேர்ந்து ஏகமனதா வந்த சொல். நீங்க அன்னிக்கு ஒத்துக்கிட்டதை நீங்களே இப்ப குழப்பம்னு சொன்னா, நாங்க எப்படி எடுத்துக்க முடியும்?" என்றார். அந்த வாக்கை நான் போடவில்லை என்று சொன்னேன். பிறகு யார் போட்டது என்று கேட்டார். மாணவியின் தகப்பனார் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மனு தள்ளுபடி. மறுதேர்வு ஜூனில்.

நீ அனுப்பிய கடைசித் தாள் கட்டைப் பிரிக்கவில்லை. உன் மகள் ஊருக்கு வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதம் கல்லூரித் தாளில். வீட்டுச் செய்திகளை இனி அவளே உனக்கு எழுதுவாள்.

அவள் மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டாள். மாடிப்படிக்குக் கீழே இருந்த தாள்களை எடுத்து, வெண்கூழ் என்று வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் அடித்து, மேலே வெண்சோறு என்று எழுதியிருக்கிறாள்.

அக்கா